கடற்பஞ்சு கட்டிய ஊர்

பாடம் 6 – பயணக் கட்டுரை

நுழையும் முன்

கடலின் அடியில் கிடைத்த ஒரு பொருளை எடுத்து விற்றே ஓர் ஊரார் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அப்பொருள் முத்தும் அன்று, சங்கும் அன்று. அதை எடுக்கக் கடலில் இறங்கியவர்களுள் பலர் நடந்து சென்று, நடக்க இயலாதவராய்த் திரும்பினர். கிரேக்க நாட்டில் உள்ள அவ்வூரைப் பற்றியது இப்பாடம்.

ஊர் தோன்றும் இடம்

ரோட்ஸ் தீவிலிருந்து காலையில் புறப்படும் கப்பல் வடமேற்காக ஏறத்தாழ 41 கிலோமீட்டர் கடந்து சிமித் தீவை அடைகிறது. வழிநெடுகிலும் வலப்பக்கத்தில் துருக்கி நாட்டு மலைகள் தெரிகின்றன. தீவை நெருங்கும்போது பயணியின் கண்ணில் முதலில் படுவது வெறும் பாறைதான். வயல் இல்லை, தோப்பு இல்லை, வீடும் இல்லை. இங்கு எவர் வாழ முடியும் என்ற ஐயம் எழும் வேளையில் கப்பல் ஒரு பாறை முனையைச் சுற்றித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் காட்சி தருகிறது.

குறுகிய துறைமுகத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மலைச்சரிவு. சரிவு முழுவதும் வீடுகள். ஒன்றின் கூரைக்கு மேல் மற்றொன்றின் வாசல் எனப் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. மஞ்சள், வெள்ளை, இளநீலம், செங்கல் நிறம் என ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். பெரும்பாலான வீடுகளின் நெற்றியில் முக்கோண முகப்பு அமைந்துள்ளது. பழங்காலக் கிரேக்கக் கோயில்களைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் பரவிய கட்டடப் பாணி இது. இந்த அமைப்பை மாற்றாமல் பேண வேண்டும் என்பது இன்று சட்டம்.

துறைமுகப் பகுதிக்கு யாலோஸ் என்று பெயர். மலைமேல் உள்ள பழைய ஊர் ஹோரியோ எனப்படுகிறது. இரண்டையும் இணைக்கும் கற்படி வழியின் பெயர் 'கலி ஸ்ட்ராட்டா'. ஏறத்தாழ 500 படிகள். 'கலி' என்றால் நல்ல என்று பொருள். காலையில் கடைக்காரர் பயணியைப் பார்த்துக் கூறும் 'கலிமேரா' என்ற வணக்கத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. 'ஸ்ட்ராட்டா' என்றால் பாதை. இலத்தீனிலிருந்து வந்த சொல். ஆங்கிலேயரின் 'ஸ்ட்ரீட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. ஆகவே அது 'நல்ல பாதை'. கோடை வெயிலில் முந்நூறாவது படியில் மூச்சு வாங்கி நிற்பவருக்கு அப்பெயரில் சிறிது ஐயம் தோன்றக்கூடும்.

நீரும் மண்ணும் இல்லாத செல்வம்

சிமியில் ஆறு இல்லை. மழைநீரை வீட்டின் அடியில் கட்டிய நீர்த்தொட்டியில் சேமித்துவைத்தே மக்கள் ஆண்டு முழுவதும் குடித்தனர். அண்மைக் காலத்திலும் பல ஆண்டுகள் கப்பலில் குடிநீர் வந்து இறங்கியது. உழுவதற்கேற்ற நிலமும் மிகக் குறைவு. இவ்வாறிருந்தும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவில் 20,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்று ஏறத்தாழ 2,600 பேர் வாழ்கின்றனர். அத்தனை மக்களுக்கும் சோறு போட்டவை மரக்கலம் கட்டும் தொழிலும் கடற்பஞ்சுத் தொழிலும் ஆகும்.

சிமியரின் கப்பல்களைப் பற்றிய பேச்சு மிகப் பழையது. டிராய் நகரப் போருக்கு நிரியுஸ் என்னும் அரசன் சிமியிலிருந்து மூன்று கப்பல்களோடு சென்றதாக ஹோமரின் இலியட் காப்பியம் குறிப்பிடுகிறது. 1522-இல் ரோட்ஸ் பகுதி துருக்கியரின் உதுமானியப் பேரரசின்கீழ் வந்தபோது, சிமியர் சுல்தானுக்குக் கடற்பஞ்சைக் கப்பமாகச் செலுத்தித் தங்கள் உரிமைகள் பலவற்றைக் காத்துக்கொண்டனர்.

கடற்பஞ்சு என்பது செடி அன்று. அது துளையுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்த உயிரினம். கடலடிப் பாறையில் ஒட்டி வாழும். நீரிலிருந்து எடுத்தவுடன் அது கறுப்பாக, வழவழப்பாக, நாற்றம் வீசும் பொருளாக இருக்கும். படகின் தளத்தில் அதைக் காலால் மிதித்து மிதித்துப் பால் போன்ற சாற்றை வெளியேற்றுவர். பிறகு கடல்நீரில் ஊறவைத்து, கறுந்தோலைச் சுரண்டி, கழுவிக் காயவைப்பர். எஞ்சுவது மெல்லிய பொன்னிற எலும்புக்கூடு. நீரை நன்கு உறிஞ்சும் அது குளிப்பதற்கும் துடைப்பதற்கும் மருத்துவத்திற்கும் ஐரோப்பா எங்கும் விற்பனையாயிற்று.

கல்லைப் பற்றி இறங்கியவர்கள்

பழைய முறையில் மூழ்குபவருக்கு இருந்த கருவி ஒரு தட்டைக் கல் மட்டுமே. ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள அக்கல்லைக் கயிற்றில் கட்டியிருப்பர். மூச்சை அடக்கிக்கொண்டு கல்லை இரு கைகளாலும் பற்றித் தலைகீழாகப் பாய்ந்தால், அதன் எடை அவரை 30 மீட்டர் ஆழத்துக்குக்கூட இழுத்துச் செல்லும். அங்குப் பஞ்சை அறுத்துப் பையில் இட்டுக் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் மேலே இழுப்பர்.

தமிழில் 'முத்துக்குளித்தல்', 'சங்குகுளித்தல்' என்னும் தொடர்கள் உண்டு. குளித்தல் என்பதற்கு மூழ்குதல் என்னும் பொருள் அச்சொற்களில் தங்கியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோரும் கயிற்றில் கட்டிய கல்லின் துணைகொண்டே இறங்கினர். சிமியரின் தொழிலைத் தமிழில் 'பஞ்சுகுளித்தல்' என்று சொன்னால் பிழையாகாது.

இம்முறையில் பேர் பெற்றவர் சிமியைச் சேர்ந்த ஸ்டாத்திஸ் ஹட்ஸிஸ். 1913-இல் கார்ப்பத்தோஸ் தீவின் அருகே இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றின் நங்கூரம் கடலடியில் சிக்கிக்கொண்டது. கப்பலின் மருத்துவர்கள் மெலிந்த உடலும் கேட்கும் திறன் குன்றிய காதும் உடைய அம்மனிதரைச் சோதித்து வியந்தனர். அவரோ கல்லைப் பற்றிக்கொண்டு 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி நங்கூரத்தைக் கண்டறிந்து கயிறு பிணைத்தார்.

செம்புத் தலைக்கவசம்

1863-ஆம் ஆண்டளவில் புதிய கருவி ஒன்று சிமிக்கு வந்தது. செம்பாலான உருண்டைத் தலைக்கவசம், நீர் புகாத ரப்பர் பூசிய உடை, ஈயம் பதித்த கனமான காலணி, படகிலுள்ள காற்றுப் பம்பிலிருந்து வரும் நீண்ட குழாய் ஆகியன சேர்ந்த உடை அது. கிரேக்கர் அதை 'ஸ்காபாண்ட்ரோ' என்றனர். தொடக்கத்தில் ஊரார் அதை நம்பவில்லை. அதைக் கொண்டுவந்தவரின் மனைவியே அவ்வுடையை அணிந்து துறைமுகத்தில் மூழ்கி எழுந்து காட்டினார் என்றும், அதன் பிறகே ஆண்களுக்குத் துணிவு வந்தது என்றும் தீவில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மூச்சடக்கி இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே இருந்தவர், இனி நெடுநேரம் கடலடியில் நடக்கலாம். முன்பு எட்டாத ஆழத்திலும் பஞ்சு பறிக்கலாம். வருவாய் பன்மடங்கு பெருகிற்று. துறைமுகத்தில் இன்று பயணிகள் படம் எடுக்கும் வண்ண வீடுகளுள் பல அந்தக் காலத்தில் எழுந்தவை. கூழாங்கற்களைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பதித்த முற்றங்களும் அக்காலச் செல்வத்தின் அடையாளமே.

அவ்வுடையோடு ஒரு நோயும் வந்தது.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டர் ஆழத்தில் நிற்பவரின் உடல் தரையில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்த அழுத்தத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் மிகுதியாக உடலில் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியில் குமிழ்கள் பொங்குவதுபோல் குருதியிலும் நரம்பிலும் குமிழ்கள் தோன்றும். மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். முதுகுத்தண்டு தாக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கும். சிலர் படகின் தளத்திலேயே இறந்தனர். 

நோயின் காரணத்தைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல் நூலாக வெளியிட்டார். எவ்வளவு ஆழத்திலிருந்து எத்தனை இடங்களில் நின்று நின்று மேலே வரவேண்டும் என்னும் அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். உடை சிமிக்கு வந்ததற்கும் அந்த அட்டவணைக்கும் இடையே 45 ஆண்டுகள். ஒரு தலைமுறை ஆண்கள் அந்த இடைவெளியில் கடலில் இறங்கினர்.

அறியாமை மட்டும் காரணம் அன்று. படகுகள் ஈஸ்டர் திருநாளுக்குப் பின் புறப்பட்டு லிபியா, எகிப்து, துனீசியா நாடுகளின் கரையோரம் சென்று, இலையுதிர் காலத்தில்தான் திரும்பும். ஐந்தாறு மாதம் வீட்டைப் பிரியும் மூழ்குநருக்குப் படகுத் தலைவர் புறப்படும் முன்னரே பணம் கொடுத்துவிடுவார். அது குடும்பத்தின் மாவுக்கும் எண்ணெய்க்கும் பழைய கடனுக்கும் செலவாகிவிடும். ஆகவே படகில் ஏறும்போதே அவர் கடன்பட்டவர். பறிக்கும் பஞ்சுதான் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். கால் மரத்துப்போகிறது என்று சொல்லி ஒருநாள் இறங்காமல் இருப்பது அவருக்கு எளிதன்று. தலைவரும் வணிகரிடம் கடன் வாங்கியே படகை நடத்தினார் என்பதையும் சேர்த்தே இதை எண்ண வேண்டும்.

அருகிலுள்ள கலிம்னோஸ் தீவும் பஞ்சுகுளிப்பதில் பேர்பெற்றது. அங்கே 'மிஹானிக்கோஸ்' என்று ஒரு நடனம் ஆடப்படுகிறது. வரிசையின் முதல் ஆட்டக்காரர் ஒரு கைத்தடியை ஊன்றி, நடுங்கும் கால்களோடு தடுமாறித் தடுமாறி ஆடுவார். முடமான மூழ்குநரின் நடையே அந்த ஆட்டத்தின் அடவு.

புயல் ஒதுக்கிய இடம்

1900-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் டிமிட்ரியோஸ் கொண்டோஸ் என்னும் சிமியரின் படகுகள் புயலில் சிக்கின. அவை அண்டிகித்திரா என்னும் சிறு தீவின் அருகே ஒதுங்கின. காத்திருந்த நேரத்தில் ஸ்டாடியாட்டிஸ் என்னும் மூழ்குநர் செம்புக் கவசம் அணிந்து இறங்கினார். விரைவிலேயே கயிற்றை அசைத்து மேலே வந்தவர், கடலடியில் மனிதரின் பிணங்களும் குதிரைகளும் குவிந்து கிடப்பதாகக் கூறி நடுங்கினார். ஆழத்தில் மூச்சுக் கெட்டு அறிவு மயங்கியிருக்கும் என்று கருதிய தலைவர் தாமே இறங்கிப் பார்த்தார். மேலே வந்தபோது அவர் கையில் வெண்கலத்தாலான ஒரு சிலையின் கை இருந்தது. பிணங்கள் என்று தோன்றியவை, 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலின் சிலைகள்.

கிரேக்க அரசு கடற்படைக் கப்பலை அனுப்பியது. ஆயினும் ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் இறங்கிச் சிலைகளை எடுத்தவர்கள் அந்தப் பஞ்சுகுளிப்போரே. அப்பணியில் ஒருவர் இறந்தார், இருவர் முடமாயினர். 1901-இல் பணி நின்றது.

எடுத்து வந்த பொருள்களுள் துருவேறிய வெண்கலக் கட்டி ஒன்றும் இருந்தது. அதை முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. 1902-இல் வலேரியோஸ் ஸ்டாயிஸ் என்னும் அறிஞர் அதனுள் பற்சக்கரம் இருப்பதைக் கண்டார். சூரியன், சந்திரன் ஆகியவற்றின் நிலையையும் கிரகணம் வரும் காலத்தையும் கணித்துக் காட்டிய பொறி அது. இன்று 82 துண்டுகளாக உள்ள அதில் 30 பற்சக்கரங்கள் எஞ்சியுள்ளன. ஏதென்ஸ் நகரத் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டுள்ளது. அதன் முன் நிற்போர் அதைச் செய்தவரின் அறிவை வியப்பர். அதைக் கடலிலிருந்து எடுத்தவர்களைப் பற்றிக் கேட்போர் குறைவு.

பூட்டிய வீடுகள்

1912-இல் சிமி இத்தாலியின் கைக்கு மாறியது. பழைய வணிக வழிகள் அடைபட்டன. மக்கள் ரோட்ஸ், ஏதென்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பிரிந்து சென்றனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1905 முதலே இத்தீவுப் பகுதியினர் குடியேறி, அங்கும் கடற்பஞ்சே எடுத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது 1944-இல் மலையுச்சிக் கோட்டையிலிருந்த வெடிமருந்து வெடித்து, கோயிலும் சுற்றியிருந்த வீடுகளும் அழிந்தன. 1945 மே 8 அன்று இத்தீவுக் கூட்டத்திலிருந்த ஜெர்மானியப் படை சரணடைவதாகக் கையெழுத்திட்டது சிமித் துறைமுகத்து வீடு ஒன்றில்தான். அவ்வீட்டின் சுவரில் அதைக் கூறும் கல்வெட்டு உள்ளது. 1948-இல் தீவு முறைப்படி கிரேக்கத்தோடு இணைந்தது. அதற்குள் செயற்கைப் பஞ்சு சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டது. 1986-இல் மத்தியதரைக் கடலின் பஞ்சுகளைத் தாக்கிய நோய் எஞ்சியதையும் குறைத்தது.

கலி ஸ்ட்ராட்டாவில் ஏறும் பயணி இதைக் கண்ணால் காணலாம். கீழே துறைமுகத்தில் புது வண்ணம் பூசிய வீடுகள். மேலே செல்லச் செல்லக் கூரை இழந்த வீடுகள் இடையிடையே தோன்றுகின்றன. முக்கோண முகப்பு மட்டும் நிற்க, உள்ளே அத்திமரம் வளர்ந்திருக்கிறது. அவற்றின் உரிமையாளரின் பேரக்குழந்தைகள் வேறு கண்டத்தில் இருக்கக்கூடும்.

இப்போது ஊரைக் காப்பது சுற்றுலா. காலையில் ரோட்ஸிலிருந்து வரும் கப்பல்கள் மாலையில் திரும்பிவிடும். இடைப்பட்ட சில மணி நேரம் துறைமுகம் நிரம்பி வழியும். உணவகங்களில் சிமியின் சிறிய இறால் ஓட்டோடு பொரித்துத் தரப்படுகிறது; ஓட்டோடே தின்ன வேண்டும். கடை வாசல்களில் பொன்னிறப் பஞ்சுகள் கூடை கூடையாகக் குவிந்துள்ளன. அவற்றுள் பல வெளிநாட்டுக் கடல்களிலிருந்து வருபவை. பஞ்சு ஒன்றை வாங்கும் பயணிக்குக் கடைக்காரர் அதை நீரில் நனைத்து, பிழிந்து, எவ்வளவு மென்மை என்று காட்டுவார். சில கடைகளில் அவர் தலைக்கு மேல் பழைய செம்புத் தலைக்கவசம் ஒன்று அழகுக்காக வைக்கப்பட்டிருக்கும்.

மாலையில் கடைசிக் கப்பல் பாறை முனையைத் திரும்பியதும் ஊர் கண்ணுக்கு மறைகிறது. மீண்டும் வெறும் பாறைதான் தெரிகிறது.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
கப்பம் – பேரரசுக்குச் செலுத்தும் திறைப்பொருள்
மரக்கலம் – கப்பல்
மூழ்குநர் – நீரில் மூழ்கித் தொழில் செய்பவர்
அடவு – ஆட்டத்தில் கால் கைகளின் ஒழுங்கான அசைவு
குருதி – இரத்தம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: கடற்பஞ்சு, நீர்த்தொட்டி, கறுந்தோல், கற்படி.

ஆ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. நீர்வளமும் நிலவளமும் இல்லாத சிமியில் அவ்வளவு மக்கள் வாழ்ந்தது எங்ஙனம்?
2. 'குளித்தல்' என்னும் சொல் பாடத்தில் எந்தப் பொருளில் வந்துள்ளது?
3. ஸ்டாடியாட்டிஸ் கண்டவை உண்மையில் யாவை?

இ. விரிவாக விடை எழுதுக.
செம்புத் தலைக்கவசத்தால் சிமியர் பெற்றதையும் இழந்ததையும் பாடப் பகுதியைக்கொண்டு விளக்குக. நோயின் காரணம் தெரிந்த பிறகும் ஒருவர் கடலில் இறங்கியிருக்கக்கூடுமா? ஏன்?

ஈ. உரையாடல் அமைத்து எழுதுக.
லிபியாக் கரையில் நிற்கும் படகு. காலை நேரம். இடக்கால் மரத்துப்போயிருக்கிறது என்கிறார் மூழ்குநர். பருவம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்கிறார் தலைவர். இருவர் பக்கமும் நியாயம் தோன்றுமாறு பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
நீங்கள் இப்போது வாழும் ஊரில், உடலுக்குத் தீங்கு தரக்கூடிய தொழில் ஒன்றைச் செய்யும் ஒருவரிடம் ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் பேசுக. அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களை அவர் மொழியிலேயே கேட்டு எழுதி, அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களை எதிரே எழுதுக. தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் அக்கருவி செய்யும் வேலையை ஒரு வரியில் எழுதுக.